டூர் பார்த்தாச்சு, கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: 3 பிப்ரவரி 2024

"அண்ணா, நான் டெக் கேடட், அதாவது பயிற்சியில் இருக்கும் அதிகாரி. இதுதான் முதல் கப்பல், ஹேண்டிமேக்ஸ் பல்க் கேரியர் (நடுத்தர அளவு மொத்தச் சரக்குக் கப்பல்). இன்னும் இரண்டு வாரத்தில் சிங்கப்பூரில் ஜாயின். கம்பெனியிலிருந்து 360 டிகிரி விர்ச்சுவல் டூர் லிங்க் அனுப்பியிருக்கிறார்கள். பிரிட்ஜிலிருந்து ஸ்டியரிங் கியர் ரூம் வரை மூன்று நாளாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, கப்பலே மனப்பாடம் ஆகிவிட்டது. என் கேபினிலிருந்து மஸ்டர் ஸ்டேஷனுக்கு (அவசரத்தில் எல்லோரும் கூடும் இடம்) சரியாக 11 கிளிக். டூர் முடிவில் ஒரு படிவம் வருகிறது. அவசர காலத்தில் வெளியேறும் வழிகளைத் தெரிந்துகொண்டேன் என்று கையெழுத்துப் போட்டு ஸ்கேன் பண்ணி அனுப்ப வேண்டுமாம். போடலாமா? டூரே இருக்கும்போது கப்பலில் போய் மறுபடி ஒரு ரவுண்டு சுற்றிக் காட்டுவது நேர விரயம்தானே?"

3 பிப்ரவரி, இரவு 10.40

போடாதீர்கள்.

3 பிப்ரவரி, இரவு 11.25

ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. லீவில் இருக்கும்போதுதான் இப்படி.

எஸ்டிசிடபிள்யூ என்ற சர்வதேச மாலுமிப் பயிற்சி விதியில் பாதுகாப்பு ஃபெமிலியரைசேஷன் (கப்பலைப் பழகிக்கொள்வது) என்று ஒன்று உண்டு. கப்பலில் உங்களுக்கு எந்த வேலையும் கொடுப்பதற்கு முன்னால் அது முடிந்திருக்க வேண்டும். மஸ்டர் ஸ்டேஷனும் வெளியேறும் வழிகளும் தெரிய வேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. அதை டூரில் பார்க்கலாம், ஒப்புக்கொள்கிறேன். லைஃப்ஜாக்கெட் எங்கே என்று தெரிந்து அதை மாட்டிக்கொள்ளத் தெரிய வேண்டும். இது பாதி கண், பாதி கை. அலாரம் அடிக்க, தீயணைப்பானைப் பிடிக்க, ஃபயர் டோரையும் வாட்டர்டைட் கதவையும் திறந்து மூடத் தெரிய வேண்டும். மவுஸால் எப்படி மூடுவீர்கள்?

அப்புறம், கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய 24 மணி நேரத்துக்குள் எப்படியும் ட்ரில் (அவசர கால ஒத்திகை) நடத்தியே ஆக வேண்டும். அதனால் "மறுபடி சுற்றிக் காட்டுவது" என்பதிலிருந்து உங்களுக்குத் தப்பிக்க வழியே இல்லை.

ஒரு வேலை தருகிறேன். அந்த டூரில் எங்காவது லைஃப்பாய் தெரியும், ஆரஞ்சு வளையம். அதைப் பெரிதாக்கி, மேலே எழுதியிருக்கும் கப்பல் பெயரைப் படித்துச் சொல்லுங்கள். காரணம் பிறகு.

4 பிப்ரவரி, காலை

நேற்று எழுதியதைப் படித்தால் டூரே வேண்டாம் என்று சொன்னது போல இருக்கிறது. இல்லை. எனக்கு அப்படி ஒன்று கிடைத்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும்.

2008இல் கேடட்டாக ஏறினேன். ஆங்கரேஜில் நங்கூரமிட்டு நின்ற கப்பலுக்கு லாஞ்சில் போய், ராத்திரி பத்து மணிக்குப் பைலட் லேடர் என்ற கயிற்று ஏணியில் ஏறி, பெட்டியைக் கயிற்றில் மேலே இழுத்தார்கள். தேர்ட் மேட் (மூன்றாம் டெக் அதிகாரி) அரைத் தூக்கத்தில் வந்து, "இது உன் கேபின், இது உன் கார்டு, காலையில் பார்க்கலாம்" என்று போய்விட்டார். கட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்த அந்தக் கார்டில் மஸ்டர் ஸ்டேஷன், போட் நம்பர், அலாரம் எல்லாம் போட்டிருந்தது. ஏழு குட்டைச் சத்தம், ஒரு நீளச் சத்தம். காலேஜில் படித்ததுதான்.

அது அன்று ராத்திரியே அடித்தது. ஏதோ கோளாறு, தானாக அடித்து நின்றது. ஆனால் நிற்பதற்குள் நான் லைஃப்ஜாக்கெட்டோடு ஓடிவிட்டேன். இடதுபுறம் போக வேண்டியவன் வலதுபுறம் போனேன். அக்காமடேஷனில், அதாவது ஆட்கள் தங்கும் பகுதியில், எல்லா மாடியும் ஒரே மாதிரி இருக்கும். ஒரே வெளிர்பச்சைச் சுவர், ஒரே கைப்பிடிக் கம்பி, ஒரே வாசனை. கடைசிக் கதவைத் திறந்தால் லாண்டரி. உள்ளே வாஷிங் மெஷின் முன்னால் லுங்கியோடு நின்ற எஞ்சின் ரூம் ஆயிலர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "போட் இங்கே இல்லை" என்றார். ஒன்பது மாதமும் அந்தக் கப்பலில் எனக்கு லாண்டரி கேடட் என்றுதான் பெயர்.

முந்தின நாள் வீட்டில் உட்கார்ந்து 11 கிளிக் போயிருந்தால் இடது வலதாவது தெரிந்திருக்கும். அந்த மட்டில் டூர் நல்லது.

4 பிப்ரவரி, மாலை

பெயர் கேட்ட காரணம். சில வருடம் முன்பு நான் ஏறிய ஒரு கப்பலுக்கும் இப்படி டூர் வந்தது. அழகாக எடுத்திருந்தார்கள், என்ன, கப்பல் ட்ரை டாக்கில் (தண்ணீர் வற்றவைத்துப் பழுதுபார்க்கும் இடம்) இருந்தபோது எடுத்தது. டாக்கில் கப்பல் கப்பலாகவா இருக்கும்? தீயணைப்பான்கள் பாதி சர்வீசுக்குப் போயிருந்தன, சுவரில் கொக்கி மட்டும். பின்பக்கம் ஃப்ரீஃபால் போட் (சறுக்கி நேராகக் கடலில் விழும் உயிர்காப்புப் படகு) இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சாய்தளமும் வானமும். எஞ்சின் ரூம் எஸ்கேப் டிரங்க் (ஏணியில் மேலேறித் தப்பிக்கும் செங்குத்துக் கூண்டு) கதவைக் காற்றுக்காகக் கயிறு போட்டுத் திறந்து கட்டி வைத்திருந்தார்கள். டூரைப் பார்த்த பையன்கள் எல்லாருக்கும் அது ஒரு கதவு என்பதே மனசில் பதியவில்லை. நிஜத்தில் அது தானாக மூடிக்கொள்ளும் கனமான இரும்புக் கதவு. மூடியிருக்கும்போது பக்கத்து ஸ்டோர் கதவுக்கும் அதற்கும் வித்தியாசம் மேலே ஒட்டியிருக்கும் பச்சை அடையாளம் மட்டும்தான்.

இன்னும் மோசம் சிஸ்டர் ஷிப் விஷயம். ஒரே யார்டில் ஒரே வரைபடத்தில் நாலு கப்பல் கட்டியிருப்பார்கள். ஒன்றை மட்டும் ஸ்கேன் செய்து நாலுக்கும் அதையே அனுப்பிவிடுவது. "எல்லாம் ஒன்றுதானே" என்பார்கள். ஒன்றில்லை. ஒவ்வொரு கப்பலும் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து தனித்தனியாக மாறிக்கொண்டே போகும். ஒன்றில் ஜிம் ஆன அறை இன்னொன்றில் பெயிண்ட் டிரம்மும் பழைய கயிறும் அடைந்த ஸ்டோர்.

6 பிப்ரவரி

"பயணிகள் கப்பலுக்குத்தான் இதெல்லாம் தேவை, சரக்குக் கப்பலில் இருபது இருபத்தைந்து பேர்தான், அதற்கு எதற்கு டூர்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆள் குறைவு என்பது சரி. ஆனால் பயணிகள் கப்பல் கதைகளில்கூட முதலில் வழி தெரியாமல் நின்றது பல சமயம் ஊழியர்கள்தான்.

ஸ்கேண்டினேவியன் ஸ்டார். 1990 ஏப்ரல் 7, ஆஸ்லோவிலிருந்து டென்மார்க்கின் ஃபிரெடரிக்ஸ்ஹாவனுக்குப் போகும் வழியில் தீ. 159 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் புகையில். கப்பல் அந்த வழித்தடத்துக்குப் புதிது, ஆட்களும் புதிது. தீயணைப்பு ட்ரில் நடத்தாமலே கிளம்பியிருந்தார்கள். ஊழியர்களில் பலருக்குப் பயணிகளோடு பேசப் பொது மொழியும் இல்லை. இந்த ஒரு விபத்தைப் பற்றி மட்டும் "டூர் இருந்திருந்தால்" என்று நான் யோசித்ததுண்டு. அவசரமாக ஆள் சேர்த்துப் பத்து நாளில் கிளம்பும் கப்பலுக்கு, ஆட்கள் வந்து சேர்வதற்கு முன்பே தாழ்வாரங்களைக் காட்டிவிடுவது பெரிய விஷயம்.

கோஸ்டா கன்கோர்டியாவை எல்லாருக்கும் தெரியும். 2012 ஜனவரி 13, இத்தாலியின் ஜிலியோ தீவு அருகே விபத்து, 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை சிவிதவெக்கியா துறைமுகத்தில் ஏறிய பயணிகளுக்கு மஸ்டரே நடக்கவில்லை, அப்போதைய விதிப்படி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும். அதற்குப் பிறகுதான், 2015 ஜனவரியிலிருந்து, கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ என்று மாற்றினார்கள். அங்கே பாறையில் மோதியதற்கும் கப்பலைக் கைவிட உத்தரவு வந்ததற்கும் நடுவே ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. அதை எந்த டூரும் சரிசெய்யாது, அது மேலே இருந்தவர்களின் பிரச்சினை.

7 பிப்ரவரி

திருத்தம். 3ஆம் தேதி இரவு நான் எழுதிய 24 மணி நேர விஷயம் தப்பு. எல்லா முறையும் இல்லை. சரக்குக் கப்பலில் முந்தின மாதம் அந்தக் கப்பலிலேயே ட்ரில்லில் கலந்துகொள்ளாதவர்கள் 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் 24 மணி நேரம். மற்றபடி ஒவ்வொருவரும் மாதம் ஒரு அபேண்டன் ட்ரில் (கப்பலைக் கைவிடும் ஒத்திகை), ஒரு ஃபயர் ட்ரில். சுட்டிக்காட்டிய செகண்ட் மேட்டுக்கு நன்றி, அந்தக் கிண்டலைத் தவிர்த்திருக்கலாம்.

இதை யோசித்தால் தம்பிக்கு இன்னும் மோசம். 22 பேரில் நாலைந்து பேர் மட்டும் மாறினால் 24 மணி நேர ட்ரில் கிடையாது. அடுத்த மாதாந்திர ட்ரில் வரும்வரை மூன்று வாரம்கூட ஆகலாம். அதுவரை கையில் இருப்பது டூரும், தேர்ட் மேட் காட்டும் அந்த ஒரு ரவுண்டும்தான். அதைத்தான் நேர விரயம் என்று கேட்டீர்கள்.

9 பிப்ரவரி, நள்ளிரவு தாண்டி

கிளிக் பற்றி.

டூரில் ஒரு கிளிக் செய்தால் அடுத்த வட்டத்துக்குத் தாவிவிடுவீர்கள். நடுவில் இருந்த படிகள் காணாமல் போய்விடும். கேமரா எப்போதும் நேராக நிற்கிறது, எல்லா விளக்கும் எரிகிறது, தரை சாய்வதில்லை, சத்தம் இல்லை. எஞ்சின் ரூமில் மெயின் எஞ்சின் ஓடும்போது அலாரம் காதில் விழாது என்பதால்தான் சுழலும் விளக்கும் வைத்திருக்கிறார்கள். டூரில் எஞ்சின் ரூம் கோயில் பிரகாரம் மாதிரி அமைதியாக இருக்கிறது.

எஸ்டோனியா என்ற பயணிகள் கப்பல் 1994 செப்டம்பரில் பால்டிக் கடலில் மூழ்கியபோது 852 பேர் போனார்கள். கப்பல் வேகமாகச் சாய்ந்ததில் படிக்கட்டே படிக்கட்டாக இல்லாமல் போனது. சுவர் தரையாகிவிட்டால் எத்தனை கிளிக் என்ற கணக்கு எதற்காகும்?

எங்கள் கப்பலில் ஒரு சீஃப் எஞ்சினியர் இருந்தார், கேரளாக்காரர், அதிகம் பேச மாட்டார். ஆங்கரேஜில் வேலை இல்லாத ஒரு நாள் எல்லோரையும் எஞ்சின் ரூம் அடித்தட்டுக்கு அழைத்துப் போய், ஒவ்வொருவராகக் கண்ணைக் கட்டினார். பியூரிஃபையர் (எண்ணெய் சுத்திகரிக்கும் இயந்திரம்) பக்கத்திலிருந்து எஸ்கேப் டிரங்க் கதவு வரை போக வேண்டும். பின்னாலேயே ஒருவர் வருவார், விழாமல் பார்த்துக்கொள்ள மட்டும், வாய் திறக்கக் கூடாது. நான் அந்தக் கப்பலில் ஐந்து மாதம் ஆனவன். இருபது அடி தூரம். நாலு நிமிடம் ஆனது. மூன்று முறை பைப்பில் முட்டிக்கொண்டேன். கதவுக்கு ஒரு கை தூரத்தில் நின்று, எதிர்ப்பக்கம் திரும்பித் தடவிக்கொண்டிருந்தேனாம்.

இஇபிடியில் (புகையிலிருந்து தப்பிக்க மாட்டிக்கொள்ளும் மூச்சுக் கருவி) காற்று குறைந்தபட்சம் 10 நிமிடத்துக்கு. அதில் நாலு அங்கேயே போயிற்று. டிரங்குக்குள் செங்குத்து ஏணி வேறு பாக்கி.

இரண்டாவது முறை அவர் ஒன்று சொன்னார்: "வலது கையை ரெயிலிலிருந்து எடுக்காதே. ரெயில் முடியும் இடத்தில் தரைத்தகடு ஒன்று ஆடும், அங்கே திரும்பு." தகடு ஆடியது, திரும்பினேன், கதவு. ஐம்பது விநாடி. டூரில் அந்தத் தகடு ஆடுமா?

10 பிப்ரவரி

ஆடும் தகட்டைச் சரிசெய்யாமல் அடையாளமாக வைத்துக்கொண்டீர்களா என்று கேட்டவருக்கு: சரிசெய்தோம். அப்புறம் எல்லாருக்கும் வழி தப்பியது.

12 பிப்ரவரி

விஆர் ஹெட்செட் போட்டால் இதெல்லாம் தீர்ந்துவிடும், புகை, இருட்டு, சாய்வு எல்லாம் காட்டலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். கரையில் ட்ரெயினிங் சென்டரில் சரி. கப்பலில் நாங்கள் ஒரு முறை முயன்றோம். மெஸ் ரூமில் போசனுக்கு (டெக் ஆட்களின் தலைவர்) மாட்டிவிட்டோம். முப்பது வருடம் கடலில் இருந்தவர், பிஸ்கே வளைகுடாவில் எல்லோரும் படுத்துக்கிடந்தபோது மத்தி வறுத்துச் சாப்பிட்டவர். வெளியே லேசான ஸ்வெல். ஹெட்செட்டில் கப்பல் ஒரு பக்கம் சாய, நிஜக் கப்பல் இன்னொரு பக்கம் சாய, இரண்டாவது நிமிடத்தில் வாளி கேட்டார். வாழ்க்கையிலேயே முதல் முறையாம். அதோடு ஹெட்செட் கேப்டன் கேபினுக்குப் போய்விட்டது.

13 பிப்ரவரி

போசன் கதையை வைத்து நான் விஆரைக் கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு இடத்தில் அதற்கு நிகர் இல்லை: லைஃப்போட் ஹூக், படகைத் தொங்கவிடும் கொக்கி.

நிஜ ட்ரில்லே ஆளைக் கொல்லும் என்று இங்கே ஒருவர் சொன்னது உண்மைதான். பிரிட்டனின் கடல் விபத்து விசாரணை அமைப்பான எம்ஏஐபி 2001இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வருடத்தில் லைஃப்போட் சம்பந்தப்பட்ட விபத்துகளில் 12 மாலுமிகள் இறந்ததாகவும் 87 பேர் காயமடைந்ததாகவும் இருக்கிறது. உயிர் காக்க வைத்த படகு. நான் பார்த்தவரை ஹூக் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்பது புரியாமல் கைப்பிடியை இழுப்பவர்கள்தான் அதிகம். படகு தொங்கும்போது ஹூக்குக்குள் அதைப் பூட்டும் துண்டு எப்படித் திரும்புகிறது என்று எட்டிப் பார்க்க முடியாது. அதை முப்பரிமாணத்தில் பிரித்துக் காட்டினால், பத்து வருடம் மேனுவல் படித்தும் புரியாதது பத்து நிமிடத்தில் புரியும். எனக்கே அப்படித்தான் புரிந்தது, சீஃப் மேட் ஆனபிறகு. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆக, வழி காட்டுவதற்கு டூரை வாங்குகிறார்கள், வழிதான் அதில் பாதி வருகிறது. ஹூக்குக்கு யாரும் வாங்குவதில்லை.

15 பிப்ரவரி

தம்பி பதில் போட்டுவிட்டார். லைஃப்பாயில் வேறு கப்பல் பெயர்.

கம்பெனிக்கு மெயில் போட்டுக் கேட்டாராம். "சிஸ்டர் வெசல், ஐடென்டிகல்" என்று பதில் வந்ததாம். கையெழுத்துப் போடவில்லை, கப்பலில் நேரில் பார்த்தபிறகு போடுகிறேன் என்று மரியாதையாக எழுதிவிட்டார். கேடட்டுக்கு இது பெரிய தைரியம். எனக்கு அந்த வயதில் வந்திருக்காது.

15 பிப்ரவரி, இரவு

இன்னொன்று சொல்ல மறந்தேன். ட்ரை டாக் டூரைத் திட்டினேன் இல்லையா, அதற்கு ஒரு பின்கதை இருக்கிறது.

திட்டி எழுதியதில் கம்பெனி ஒரு 360 கேமராவையே அனுப்பிவிட்டது, "நீங்களே எடுங்கள்" என்று. பல்க் கேரியர் என்பதால் முடிந்தது. டேங்கராக இருந்தால் தீப்பொறி பயத்தில் சாதாரணக் கேமராவைக் கார்கோ டெக் பக்கமே கொண்டுபோக முடியாது. கேடட் ஒருவனிடம் கொடுத்தோம். தேனிப் பையன், கப்பலுக்கு வந்து ஒரு வாரம்தான். ஸ்டாண்டில் கேமராவை நிறுத்திவிட்டுப் படத்தில் விழாமல் ஒளிய வேண்டும். எஞ்சின் ரூமில் ஒளிய நூறு இடம், ஆனால் அக்காமடேஷன் தாழ்வாரத்தில் எங்கே ஒளிவது? யார் கேபின் திறந்திருக்கிறதோ அதில் புகுவான், கதவுக்குப் பின்னால் ஒண்டுவான், படிக்குக் கீழே குந்துவான். மூன்று நாள். முடித்த டூரில் எட்டு இடத்தில் அவன் முழங்கால் தெரியும், லாண்டரியில் முழுசாகவே தெரிவான்.

இரண்டு வாரம் கழித்து விளக்கையெல்லாம் அணைத்து பிளாக்அவுட் ட்ரில் வைத்தோம். டூரைப் பார்த்துவிட்டு வந்த புது ஆட்கள் மூன்று பேர் தடுமாறினார்கள். முதலில் மஸ்டருக்கு வந்து நின்றவன் தேனிப் பையன். எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், எந்தப் படிக்குக் கீழே தலை இடிக்கும் என்று அவன் உடம்புக்குத் தெரிந்திருந்தது, ஒளிந்து ஒளிந்து.

அன்றிலிருந்து எனக்கு டூரைப் பார்ப்பவர்கள் மேல் நம்பிக்கை குறைந்து, எடுப்பவர்கள் மேல் கூடிவிட்டது. ஆனால் ஏறுகிறவர்கள் எல்லோரையும் மறுபடி எடுக்கச் சொல்ல முடியாதே. அதனால் வேறு வழி கண்டோம். புதிதாக ஏறுபவர் டூரை ஒரு டேப்லெட்டில் வைத்துக்கொண்டு கப்பலைச் சுற்ற வேண்டும். டூர் சொல்லும் பொய்கள் பத்தைக் கண்டுபிடித்து எழுதித் தர வேண்டும். இடம் மாறிய தீயணைப்பான், பெயர் மாறிய அறை, புதிதாக வெல்ட் செய்த கொக்கி, எதுவானாலும். அதற்குப் பிறகுதான் ஃபெமிலியரைசேஷன் தாளில் கையெழுத்து. அப்படிப் பார்த்தால் பழைய டூர், சிஸ்டர் ஷிப் டூர் எல்லாம் இன்னும் நல்லது, பொய் அதிகம். 4ஆம் தேதி நான் திட்டியதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

தம்பி, உங்களுக்கும் அதே வேலை. பத்துப் பொய். ஒரு க்ளூ: டூர் முன்பக்கம் போகிறதா பாருங்கள். உங்கள் நீளக் கப்பலில் லைஃப்போட் பின்னால் இருப்பதால், முன்னால் தனியாக ஒரு லைஃப்ராஃப்ட் இருந்தாக வேண்டும். டூர் எடுப்பவர்கள் வெயிலில் அவ்வளவு தூரம் நடக்கமாட்டார்கள்.

28 பிப்ரவரி

தம்பியிடமிருந்து செய்தி. ஜாயின் செய்து ஆறு நாள். பொய் 14.

எல்லாவற்றையும் இங்கே போட முடியாது, மூன்றை மட்டும். டூரில் சமையலறையிலிருந்து வெளியே போகும் கதவு வலதுபுறம்; இவர் கப்பலில் அது பத்து வருடமாக வெல்ட் செய்து மூடியிருக்கிறது, ஆனால் மேலே பச்சை அடையாளம் இன்னும் ஒட்டியிருக்கிறது. இதைச் சொன்னதும் தேர்ட் மேட் முகம் மாறிவிட்டதாம், அன்றே சுரண்டி எடுத்தார்களாம். இரண்டாவது, முன்பக்க லைஃப்ராஃப்ட், நான் சொன்னது போலவே டூரில் இல்லை. மூன்றாவது, டூரில் இவர் கேபின் என்று காட்டியது இவர் கேபினே இல்லை. கேடட்டை ஒரு மாடி கீழே போட்டிருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் மாலை கையெழுத்துப் போட்டாராம். கணக்கும் அனுப்பியிருக்கிறார்: மஸ்டர் ஸ்டேஷனுக்கு 43 படி, நாலு கதவு, அதில் மூன்றாவதைத் தோளால் தள்ள வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு போனால் இரண்டு நிமிடம் பத்து விநாடி. "லாண்டரியைத் தாண்டித்தான் போக வேண்டும் அண்ணா" என்று ஒரு வரி கூடுதலாகப் போட்டிருக்கிறார்.